பொங்க மறுத்த ரைஸ் குக்கர்

ஒரு சாமானை விற்கிறவனுக்கு அந்தச் சாமானைப் பற்றி எல்லாம் தெரியும் என்று முதலில் நம்புகிறவன், அதை விற்கிறவன்தான். வாங்குகிறவர்கள்கூட அவ்வளவு நம்புவதில்லை. நான் கண்டி நகரத்தில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் பல வருடங்களாக நிற்கிறவன். மின்விசிறி, அயன், கேத்தல் எல்லாம் விற்பேன் என்றாலும் ரைஸ் குக்கர்தான் என் தனி ராச்சியம். யாராவது குக்கர் என்று வாயைத் திறந்தாலே முதலாளி என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். நான் மூடியைத் திறந்து பேச ஆரம்பித்தால், மழைக்கு ஒதுங்கியவர்கள்கூட ஒரு குக்கரோடுதான் வெளியே போவார்கள். (கண்டியில் மழைக்கு ஒதுங்குகிறவர்கள் அதிகம். கடைக்கு அது நல்லது.)

அந்த ராச்சியம் ஒரு தைப்பொங்கல் காலையில் கவிழ்ந்தது. பிழை என்னுடையதா குக்கருடையதா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் நடக்கிறது. மனைவி, மாமனார், கொழுந்தியாள், வீட்டுக்கார அம்மா ஆகிய நால்வரும் குக்கரின் பக்கம். என் பக்கம் நான் மட்டும். ஆகவே வழக்கை உங்களிடம் கொண்டுவருகிறேன்.

முதலில் குற்றவாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண, ஒற்றைச் சுவிட்ச் ரைஸ் குக்கரின் வயிற்றில் மூளை கிடையாது, கடிகாரம் கிடையாது. இருப்பது ஒரு காந்தம், ஒரு சுருள்வில், ஒரு சின்ன உலோகத் துண்டு. சூடாகும் தட்டின் நடுவில் பொத்தானைப் போல எழும்பி நிற்கும் வட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பானையை வைத்ததும் அது அமுங்கி, பானையின் அடியைத் தொட்டபடி இருக்கும். நீங்கள் சுவிட்சை அழுத்தும்போது உள்ளே காந்தம் போய் அந்த உலோகத் துண்டைக் கவ்விக்கொள்கிறது. கவ்வியிருக்கும் வரைக்கும் தட்டு சூடாகும். பானையில் தண்ணீர் இருக்கும் வரைக்கும் எவ்வளவு சூடு கொடுத்தாலும் அது ஆவியாகப் போகுமே தவிர, கொதிநிலையைத் தாண்டி ஏறாது. அரிசி தண்ணீரை எல்லாம் குடித்து முடித்த பிறகுதான் பானையின் அடி மளமளவென்று சூடேறும். அந்த உலோகத் துண்டுக்கு ஒரு குணம் உண்டு. குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் காந்தத்தால் அதைப் பிடித்து வைத்திருக்க முடியாது. பிடி விட்டதும் சுருள்வில் இழுக்கும், ‘டக்’ என்று சுவிட்ச் விழும்.

அதாவது, சோறு வெந்ததா என்பது குக்கருக்குத் தெரியாது. அடியில் சூடு ஏறியதா என்பது மட்டும்தான் தெரியும். இந்த ஒரு வசனத்தை நான் ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன். சொன்ன என் காதிலேதான் அது ஏறவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஜப்பானில் பட்ட பாட்டையும் நான் வாசித்திருக்கிறேன். ஆரம்பத்தில் காந்தம் எல்லாம் இல்லை. பானைக்குள் பானை. வெளிப்பானையில் அளந்து தண்ணீர் ஊற்றுவார்கள். அது வற்றியதும் சூடு ஏறி சுவிட்ச் விழும். அதைச் செய்தவரின் மனைவி வெயிலிலும் குளிரிலும் நாள் கணக்காகச் சோறு ஆக்கி ஆக்கி, எங்கே பிழை வருகிறது என்று குறித்துவைத்தாராம். சோறு குழையக்கூடாது, அடிப்பிடிக்கக்கூடாது, கஞ்சி பொங்கி வழிந்து தரையை நாசமாக்கக்கூடாது. இந்த மூன்றுக்காகவும் அவர்கள் உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறார்கள். பானையின் உயரம், மூடியின் துவாரம், எல்லாமே பொங்கி வழியாமல் இருக்கத்தான்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பொங்கி வழியக்கூடாது என்றே செய்யப்பட்ட ஒரு சாமானில் தைப்பொங்கலுக்குப் பால் பொங்க வைக்கலாம் என்று எந்த மடையனுக்காவது தோன்றுமா? தோன்றியது. ஏன் தோன்றியது என்பதற்கும் நியாயம் உண்டு, கேளுங்கள்.

நானும் என் மனைவி சுகந்தியும் அம்பிட்டியவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை. எல்லோருக்கும் அவர் மிஸ். மாடிச் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்ததால் மேலே விறகு எரிக்கக்கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. எங்களிடம் கேஸ் அடுப்பு இருந்தது, ஆனபடியால் கவலைப்படவில்லை. அப்புறம்தான் நாட்டில் கேஸ் தட்டுப்பாடு வந்தது. வெறும் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த காலம் அது. எங்கள் அடுப்பு அணைந்து ஒன்பதாவது நாள், மடுல்கெல்லவிலிருந்து மாமா தொலைபேசியில் அழைத்தார்.

மாமா, அதாவது சுகந்தியின் அப்பா, தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வுபெற்றவர். அதிகம் பேசமாட்டார். பேசுகிற கொஞ்சத்திலும் என்னைப் பார்த்துப் பேசியது குறைவு. அவருடைய இளைய மகள் கவிதாவுக்குக் கண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் மின்னியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. வகுப்பு தை மாதக் கடைசியில் ஆரம்பம். மடுல்கெல்லவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போக முடியாது. எங்களோடு தங்கினால் படிக்கலாம், இல்லாவிட்டால் படிப்பு இல்லை. கவிதா தன் அக்காவுக்கு அழுது அழுது குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். சுகந்தி அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள்.

“பொங்கலுக்கு நானும் சின்னவளும் வர்றோம்” என்றார் மாமா. “வீடு வீடா இருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

“அதெல்லாம் நல்ல வீடு மாமா. ரெண்டு ரூம் இருக்கு.”

“ரூமைக் கேக்கலீங்க தம்பி. வீட்டுல பால் பொங்கணும். பொங்கினாத்தான் அது வீடு. இல்லாட்டி நாலு சுவருதான்.”

கல்யாணமான பிறகு வந்த இரண்டு பொங்கலையும் நாங்கள் மடுல்கெல்லவில்தான் கொண்டாடினோம். என் வீட்டில் பால் பொங்கியதே இல்லை என்பதை இப்படிக் குத்திக் காட்டுகிறார் என்று எனக்குச் சுருக்கென்றது.

“பொங்கும் மாமா. நானே பொங்க வைக்கிறேன்” என்றேன்.

சுகந்தி பக்கத்தில் நின்று தலையில் கை வைத்தாள். “எதுலங்க பொங்க வப்பீங்க?”

“வழி இருக்கு.”

“கீழ மிஸ்கிட்ட ஒரு வார்த்த கேப்போம். பின்வளவு மண்ணுல மூணு கல்லு வச்சா முடிஞ்சிச்சி.”

“அவங்களுக்கு நம்ம பொங்கலப் பத்தி என்ன தெரியும்? வளவெல்லாம் கரியாக்குறோம்னு வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போறது? நீ பேசாம இரு.”

இதை நான் சொன்னேன். கண்டியைச் சுற்றியே வளர்ந்த நான். இரண்டு சித்திரைப் புத்தாண்டுக்கும் மிஸ் தட்டில் வைத்து அனுப்பிய பாற்சோற்றையும் கொக்கிஸ் பலகாரத்தையும் வழித்து நக்கிய நான். இந்த இடத்தில் என்னை நானே ஒரு அறை அறைந்துகொள்ள அனுமதி கொடுங்கள்.

அடுத்த நாளே வேலையை ஆரம்பித்தேன். கடையில் காட்சிக்கு வைத்திருந்த பெரிய குக்கர் ஒன்றை, ஊழியர் விலைக்கு, மாதாமாதம் கழித்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு கொப்பியும் வாங்கி, முதல் பக்கத்தில் ‘பரிசோதனை’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். ஜப்பான்காரர் மனைவியைத்தான் பரிசோதனை செய்ய வைத்தார், நான் நானே செய்கிறேன் என்று சுகந்தியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

பாலை வைத்துப் பரிசோதிக்க வழியில்லை. அந்த நாட்களில் பால்மாவும் தட்டுப்பாடு. தேத்தண்ணிக்கே கரண்டியின் நுனியால்தான் போடுவோம். ஆகவே அரிசி கழுவிய தண்ணீரைப் பயன்படுத்தினேன். அதுவும் வெள்ளை, அதுவும் நுரைக்கும், வேறு என்ன வேண்டும்? முதல் நாள் பாதிப் பானை வைத்தேன். நுரை அரை விரல் எழும்பிவிட்டுப் படுத்துவிட்டது. இரண்டாம் நாள் விளிம்புவரை ஊற்றினேன். விளிம்பை எட்டிப் பார்த்துவிட்டு அதுவும் படுத்தது. வாய் அகலமான பானையில் நுரை சீக்கிரம் உடைந்துவிடும் என்று கொப்பியில் எழுதினேன். மூன்றாம் நாள் கொஞ்சம் அரிசி மாவைக் கலந்து, மூடியின் துவாரத்தைத் துணியால் அடைத்து, சத்தம் மாறுகிற நேரம் பார்த்து மூடியைத் தூக்கினேன். குபுகுபுவென்று எழும்பி வழிந்தது. நாலு சொட்டு வழிந்ததுமே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், தரை பழுதாகிவிடும் என்று. (முழுதாக வழிய விட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

“பால ஊத்திப் பாக்காம, பால் பொங்கும்னு எப்பிடீங்க சொல்றீங்க?” என்று சுகந்தி கேட்டாள்.

“கொதிக்கிறது எல்லாம் ஒண்ணுதான்” என்றேன். அதையும் கொப்பியில் எழுதினேன். அந்தக் கொப்பி இன்னும் சுகந்தியின் அலுமாரியில், கல்யாணச் சேலைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. நான் எரிக்கக் கேட்டும் தரவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் மாலை மாமாவும் கவிதாவும் வந்து இறங்கினார்கள். மாமிக்கு முழங்கால் வலி, வரவில்லை. மாமாவின் கையில் ஒரு போத்தல் பசும்பால், மஞ்சள் செடி, கரும்பு, ஒரு பை பச்சையரிசி. கவிதாவின் கையில் உடுப்புப் பெட்டி. இரண்டு நாளைக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று மாமா வழியெல்லாம் கேட்டிருக்கிறார். அவள், தங்கிவிடுவது என்றே முடிவு பண்ணி எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு வந்திருந்தாள். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “மச்சான், நாளைக்கு எப்பிடியாவது பொங்க வச்சிருங்க. ஒங்களத்தான் நம்பியிருக்கேன்” என்றாள்.

“ஜப்பான் சாமான்டி. பயப்படாத” என்றேன். (சாமான் ஜப்பானில் செய்ததும் இல்லை. அது வேறு கதை.)

காலையில் மலையெல்லாம் பனி மூடியிருந்தது. கிழக்குப் பார்த்த மாடி முற்றத்தில் கவிதா கோலம் போட்டாள். நடுவில் ஒரு பலகை, அதன்மேல் வாழையிலை, அதன்மேல் குக்கர். அதன் இடுப்பில் மஞ்சள் செடியைக் கட்டி, நெற்றியில், அதாவது சுவிட்சுக்குக் கொஞ்சம் மேலே, திருநீறும் குங்குமமும் வைத்தேன். குசினியிலிருந்து வயர் நீண்டு வந்து கோலத்தைக் குறுக்கே வெட்டியது. சுகந்தி அதன்மேல் இரண்டு செவ்வந்திப் பூவை வைத்து மறைக்கப் பார்த்தாள். மாமா வேட்டியோடு வந்து, குக்கரை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

“பானை எங்க?”

“இதுதான் மாமா.”

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கடையில் செய்வது போலவே காந்தத்தில் ஆரம்பித்துச் சுருள்வில் வரைக்கும் விளக்கினேன். சூரியனும் மாமாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருவர் முகத்திலும் மாற்றம் இல்லை. நாட்காட்டியில் போட்டிருந்த சுபநேரம் வந்தது. பசும்பாலையும் சுகந்தி பிழிந்து வைத்திருந்த தேங்காய்ப்பாலையும் ஊற்றி, துவாரத்தை அடைத்து, சாமியைக் கும்பிட்டு, சுவிட்சை அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் பால் முனகத் தொடங்கியது. கவிதா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். அவள் உதடு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. எனக்காக யாரும் அப்படிக் கும்பிட்டதில்லை என்பதால் நெஞ்சு நிமிர்ந்தது.

டக்.

“தம்பி, அது என்னா சத்தம்?”

“சுவிட்ச் மாமா.”

“பால் பொங்கிருச்சின்னு சொல்லுதா?”

“இல்ல மாமா. சோறு வெந்திருச்சின்னு சொல்லுது.”

“இன்னும் அரிசியே போடலியே.”

சுகந்தி சட்டென்று உள்ளே போனாள். எதையோ எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கப் போயிருக்கிறாள். நான் சுவிட்சை மறுபடி அழுத்தினேன். விழுந்தது. அழுத்தினேன். விழுந்தது. பால் கொதிக்கவும் இல்லை, குக்கர் அதை நம்பவும் இல்லை.

அப்போதுதான் எனக்கு அலவத்துகொடயிலிருந்து வந்த ஒரு உம்மாவின் ஞாபகம் வந்தது. போன நோன்பு நேரம் கடைக்கு வந்து, “பால் ஊத்தினா டக்கெண்டு உழுகுது மகன், நீங்க ஒருக்காப் பாருங்களே” என்று கெஞ்சியவர். உங்களுக்குத் தண்ணீர் அளவு தெரியவில்லை என்று அவருக்கே பாடம் எடுத்து அனுப்பிவைத்தேன். தண்ணீர் அடிப்பிடிக்காது, பால் அடிப்பிடிக்கும். அடியில் பிடித்த ஆடை சூட்டை மேலே விடாமல் மறிக்கும், பானையின் அடி மட்டும் கொதிநிலையைத் தாண்டும், காந்தம் பிடியை விடும். அந்த உம்மா சொன்னது முழுக்கச் சரி. நான் பேசியது முழுக்கத் திமிர். இவ்வளவும் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய, சுபநேரம் முடியப் பத்து நிமிடம்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் கீழே போய் மிஸ்ஸைக் கேட்டிருப்பான். நான் சட்டைப்பையில் கையை விட்டேன். குக்கரின் வாரண்டி அட்டை இருந்தது. அதை நாலாக மடித்து, விழுகிற சுவிட்சுக்கு முட்டுக்கொடுத்துச் செருகினேன். இனிக் காந்தம் விட்டாலும் சுவிட்ச் விழாது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று கவிதாவைப் பார்த்துச் சொன்னேன் என்று அவள் சொல்கிறாள். நான் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

“அத அப்பிடிச் செய்யலாமா?” என்றார் மாமா.

“நான் தினமும் இதோடயே வேல செய்றவன் மாமா.”

அடிப்பிடித்த வாசம் மெல்லப் பரவியது. அப்புறம் சத்தம் மாறியது. மூடி துள்ளியது. நான் மூடியைத் தூக்கினேன். பால் எழும்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக எழும்பியது. விளிம்பைத் தொட்டது, தாண்டியது. கவிதா இரண்டு கையையும் தூக்கி “பொங்கலோ...” என்றாள்.

இரண்டாவது பொங்கலை அவள் சொல்லவில்லை. மண்பானையில் பொங்கும் பால் வெளியே வழிந்து அடுப்பில் விழும். குக்கரில் பானைக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கிறது. பொங்கிய பால் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. கிழக்கே வழிந்தால் நல்லது, வடக்கே வழிந்தால் நல்லது என்றெல்லாம் சொல்வார்கள். உள்ளே வழிந்தால் என்னவென்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. முழுவதும் அந்த இடுக்கு வழியாக இறங்கி, சூட்டுத் தட்டில் சுர்ரென்று விழுந்து, வயர் இருக்கும் இடத்தைத் தேடிப் போனது. அடியிலிருந்து நீலமாக ஒரு மின்னல் அடித்தது. டப் என்று ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. நான் பதறி வாரண்டி அட்டையை இழுக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டேன்.

கீழே மிஸ்ஸின் வானொலியில் ஓதிக்கொண்டிருந்த பௌத்தப் பிரித் பாதியில் நின்றது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். கவிதா மெதுவாகக் கையை இறக்கினாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் மானம் போனது கிடக்கட்டும். அந்தப் பிள்ளையின் படிப்பும் அந்த இடுக்குக்குள் வழிந்து போயிருந்தது. மாமா குக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் மகளின் பெட்டியைப் பார்த்தார்.

“ஒம்பது மணிக்கு பஸ் இருக்கில்ல?” என்றார்.

மிஸ் படியேறி வந்தார். கரண்ட் போனதைக் கேட்கத்தான் வந்தார். வந்தவர் வாழையிலையைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். இடுப்பில் மஞ்சள் செடி கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, புகைந்துகொண்டிருந்த குக்கரைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

“கிரி உதுரவனவத?” என்று சிங்களத்தில் கேட்டார். பால் பொங்க வைக்கிறீர்களா என்று அர்த்தம்.

“ஓவ் மிஸ்” என்று சிங்களத்திலேயே ஆமாம் சொன்னார் மாமா, கதிரையிலிருந்து எழும்பி.

மிஸ் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். “ஏன் எனக்குச் சொல்லவில்லை? நாங்களும் சித்திரை அவுருதுக்குப் பால் பொங்க வைப்போம்தானே. புது வீட்டுக்குப் போனாலும் முதலில் அதுதான். பின்னால கல் மூன்றும் அப்படியே இருக்கு. புதுச் சட்டியும் இருக்கு. மேலே சுவர் பழுதாகும் என்றுதான் விறகு வேண்டாம் என்று சொன்னேன். வளவில் வேண்டாம் என்று நான் எப்போ சொன்னேன்?”

“சொல்லல மிஸ்” என்றாள் சுகந்தி, என்னைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த பதினைந்து நிமிடத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தென்னோலையைப் பிளந்தார். மிஸ் சட்டியைக் கழுவிக் கொடுத்தார். இருவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள். மாமா அவ்வளவு பேசுவார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு வருடமாக என்னிடம் பேசிய மொத்தத்தையும் அவர் அந்த மூன்று கல்லுக்குப் பக்கத்தில் தாண்டிவிட்டார். பாலுக்கு என்ன செய்வது என்று நான் கேட்டபோது, பையின் அடியிலிருந்து இன்னொரு போத்தல் பாலை எடுத்து வைத்தார்.

“இது எப்ப மாமா கொண்டாந்தீங்க?”

“எதுக்கும் இருக்கட்டும்னுதான்.”

அதாவது மனுஷன் மடுல்கெல்லவில் பஸ் ஏறும்போதே நான் கவிழ்வேன் என்று முடிவு பண்ணியிருக்கிறார்.

காந்தம் இல்லை, சுருள்வில் இல்லை, கொப்பி இல்லை. ஓலை எரிந்தது, பால் பொங்கியது, வெளியே வழிந்தது. கவிதா “பொங்கலோ பொங்கல்” என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். மிஸ் அவள் தோளில் கை வைத்து என்ன படிக்கப் போகிறாய் என்று விசாரித்தார். மின்னியல் என்றதும், “நல்லது. இந்த வீட்டுக்கு அப்படி ஒருத்தர் வேணும்” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

சுபநேரம் முடிந்து போயிருந்தது. மாமா அதைப் பற்றி மூச்சு விடவில்லை. இலையில் பொங்கல் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்.

“புள்ள இங்கயே தங்கிப் படிக்கட்டும்.”

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். “மேல அந்தச் சின்ன ரூமை ஒதுக்கிக் குடுக்கிறேன் மாமா.”

“மேல இல்லீங்க தம்பி. கீழ. மிஸ்ஸோட மக வெளிநாட்டுல, அந்த ரூம் சும்மாத்தான் இருக்காம். பேசிட்டேன்.”

கேளுங்கள் நியாயத்தை. வாடகை கட்டுகிறவன் நான். குக்கருக்குத் தவணை கட்டியவன் நான். விரலைச் சுட்டுக்கொண்டவன் நான். பிள்ளையைத் தங்க வைக்கத் தகுதியான வீடு என்று மாமா கண்டுபிடித்தது கீழ்வீட்டை. கவிதா அன்றைக்கே பெட்டியைக் கீழே இறக்கினாள். படிப்பு முடியும் வரைக்கும் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் மேலே வருவாள். பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். இரண்டாம் வருடம் அவளுக்குச் செய்முறைத் தேர்வு வந்தது. வீட்டில் பாவிக்கும் ஏதாவது ஒரு சாதனத்தைப் பிரித்து, அது வேலை செய்யும் விதத்தையும் பழுதானதன் காரணத்தையும் விளக்க வேண்டுமாம். படிக்கட்டுக்குக் கீழே கிடந்த என் குக்கரை அவள் என்னைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பக்கவாட்டில் வெட்டித் திறந்து, காந்தம், சுருள்வில், கருகிய தட்டு, எல்லாவற்றையும் ஒரு பலகையில் பொருத்தி அம்புக்குறி போட்டிருக்கிறாள். வாரண்டி அட்டையின் எரியாத மூலையையும் ஒட்டியிருக்கிறாள். கீழே இரண்டு வரி. ‘பழுது: சூட்டுத் தட்டில் பால் புகுந்து மின்கசிவு. காரணம்: பாவனையாளர்.’ அதாவது, அதை உபயோகித்த ஆள்.

வகுப்பில் அவளுக்குத்தான் அதிக புள்ளி. போதனாசிரியருக்கு அந்தப் பலகை பிடித்துப்போய், கல்லூரியின் ஆய்வுகூடத்திலேயே வைத்துக்கொண்டார். இப்போது ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமே என் குக்கர்தானாம். எனக்குக் கொதித்தது. ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. பலகையில் என் பெயர் இல்லை. பாவனையாளர் என்றால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

கவிதாவுக்குச் சான்றிதழ் கொடுத்த நாளில் நாங்கள் எல்லோரும் போனோம். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். விழா முடிந்து ஆய்வுகூடத்தைப் பார்க்கப் போனோம். போதனாசிரியர் பலகையின் முன்னால் நின்று, இவ்வளவு அறிவில்லாத வேலையை யார் செய்திருப்பார் என்று நாங்கள் இன்றுவரை யோசிக்கிறோம் என்று மாணவர்கள் முன்னிலையில் சொன்னார். கவிதா வாயைத் திறக்கவில்லை. சுகந்தியும் திறக்கவில்லை. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா என் முதுகில் கை வைத்து என்னை முன்னால் தள்ளினார். “அந்தப் பாவனையாளர் இவருதாங்க” என்றார். “எங்க வீட்டு மாப்பிள்ள.”

மாணவர்கள் கைதட்டினார்கள். எல்லோரும் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாமா மடுல்கெல்ல வீட்டின் முன்னறையில் மாட்டியிருக்கிறார். ஒரு பக்கம் சான்றிதழோடு கவிதா, ஒரு பக்கம் குக்கர், நடுவில் நான். படத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. வருகிறவர்களுக்கு மாமாவே வாயால் சொல்கிறார். அந்த அதிகம் பேசாத மனுஷன், காந்தத்தில் ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல்.